கடைக்கு மேலே குடியிருப்பு: தீப்பிடிக்கும் முன்பே நீதிமன்றம் போகலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கட்டடமொன்றின் மேல்மாடியில் அம்மாவுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வாடகைக்கு இருக்கிறேன். கீழே ஹாட்வெயார் கடை. எங்களுடைய ஒரே படிக்கட்டின் கீழ் தின்னர் கலன்களையும் எரிவாயுச் சிலிண்டர்களையும் அடுக்கியிருக்கிறார்கள். உரிமையாளரிடம் முறையிட்டால், “விருப்பமில்லாட்டி எழும்புங்கோ” என்கிறார். தீப்பிடித்த பிறகுதான் வழக்குப் போட முடியுமா?

பதில்: அதுவரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, தீயோ வெடிப்போ ஏற்படக்கூடிய விதத்தில் பொருட்கள் கையாளப்படுவதை நிறுத்துமாறு நிபந்தனைக் கட்டளை (சொன்னதைச் செய்யவேண்டும், அல்லது நீதிமன்றத்துக்கு வந்து எதிர்ப்பைச் சொல்லவேண்டும் என்ற கட்டளை) பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதவானுக்கு வழங்குகிறது. பொலிஸாரின் அறிக்கை மட்டுமன்றி வேறு வழியில் கிடைக்கும் தகவலும் அதற்குப் போதுமானது. ஆனால் இது பொதுத்தொல்லைக்கான ஏற்பாடு என்பதால், ஆபத்து உங்கள் வீட்டோடு நிற்காமல் பக்கத்துக் கடைகளுக்கும் வீதியில் செல்வோருக்கும் உண்டு என்பதைக் காட்டவேண்டும். அயலவர்களும் கையொப்பமிட்டால் நல்லது.

கடையை மூடச் சொல்லிக் கேட்கவேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஒருவருடைய பிழைப்பை நிறுத்தும் கட்டளைக்கு நீதிமன்றம் தயங்கும். படிக்கட்டின் கீழுள்ள பொருட்களை அகற்றுமாறு கேட்பதை மறுப்பது கடினம். எரிவாயுவும் தின்னர் ஆவியும் காற்றைவிடப் பாரமானவை. கசிந்தால் மேலே போய்க் கலையாமல் தரையோடு தேங்கி நிற்கும், பிறகு ஒரு சுவிச்சின் பொறி போதும். புகை ஏறும் வழியும் பிள்ளைகள் இறங்கவேண்டிய வழியும் ஒன்றாக இருப்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். யன்னல்களில் திறக்கமுடியாத இரும்புக் கிறில் இருந்தால் அதையும் குறிப்பிட்டு, ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக மாற்றித் தருமாறு கேளுங்கள்.

அதற்கு முன், உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பிரதியைப் பிரதேச சபைக்குக் கொடுங்கள். நாளை அசம்பாவிதம் நேர்ந்து நட்டஈட்டு வழக்கு வந்தால், ஆபத்தை அறிந்தும் அவர்கள் கவனயீனமாக இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கடிதமே முக்கிய சான்றாகும். கடைக்கு எந்த வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்கவேண்டும்.

வாடகையை நிறுத்தாதீர்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். நீதிமன்றக் கட்டளையின்றி உங்களைப் பலவந்தமாக வெளியேற்ற உரிமையாளருக்கு உரிமையில்லை. சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். படிக்கட்டும் சிலிண்டர்களும் ஒரே படத்தில் தெரியுமாறு, திகதியுடன் இன்றே புகைப்படம் எடுத்துவையுங்கள்.