கரிகிரி செருப்பு

வணக்கம் ஐயா,

குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியை நான். சிநேகிதி ஒருத்தி ப்ரெனே பிரவுனின் புத்தகங்களைக் கொடுத்தாள். மறைத்து வைத்தால் வெட்கம் வளரும், மனம் விட்டுச் சொன்னால் கரையும் என்று படித்தபோது கண்ணீர் வந்துவிட்டது. மாத வட்டி தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியில் நகையை அடகு வைத்துப் பணம் போட்டேன். எல்லாம் போச்சு. இரண்டு வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. புத்தகம் தந்த தைரியத்தில் என் ஓரகத்தியிடம் சொன்னேன். வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தங்கள் அத்தனை பேரும் "இன்னாம்மா, பணம் வந்துச்சா?" என்று கேட்டார்கள். நான் ஒரு ஏமாளி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. இந்தப் புத்தகமெல்லாம் நம் தெருவுக்கு ஆகுமா? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள டீச்சருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன்.

பிரவுன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி ஆய்வாளர். 2010-ல் அந்த ஊரில் ஒரு மேடையில், ஆய்வோடு தன் மனம் உடைந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். மறுநாள் 'ஏன்தான் உளறினோமோ' என்று கூசிப்போய், மூன்று நாள் போல வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஆக, சிரசுத் திருவிழா டெக்சாஸிலும் உண்டு.

அவர் எழுதியதில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. நம் கதையைக் கேட்கிற உரிமையைச் சம்பாதித்தவரிடம்தான் அதைச் சொல்ல வேண்டும் என்கிறார். கண்டவரிடம் கொட்டுவதை அவர் மனம் திறப்பதாகவே ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் ஓரகத்தி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரே வீட்டு மருமகள்கள் இருவருக்கு நடுவில் நகை சமாச்சாரம்! புத்தகம் கொடுத்த சிநேகிதியிடம் ஏன் சொல்லவில்லை?

அப்புறம் அந்த 'ஏமாளி'. நீங்கள் தமிழ் நடத்துகிறவரா தெரியாது, இருந்தாலும் கேளுங்கள். 'ஏமாந்தேன்' என்பது வினை. அது ஒரு நாள் நடந்தது, முடிந்தது. 'ஏமாளி' பெயர்ச்சொல், ஆளோடு ஒட்டிக்கொள்ளும். தப்பு செய்துவிட்டேன் என்பது குற்றவுணர்ச்சி, நானே தப்பு என்பது அவமானம் என்று பிரவுன் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சொல்வது இதைத்தான்.

எனக்கு அவரிடம் பிடித்த இடம் வேறு. வேண்டாத உணர்ச்சியை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியாது, வலி மரத்தால் கூடவே சந்தோஷமும் மரத்துவிடும் என்கிறார். இதற்கு ஹூஸ்டன் போக வேண்டாம், காட்பாடிப் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற கரிகிரிக்குப் போனால் போதும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் அழுகடித்துத் தின்றுவிடுவதில்லை, வலி தெரியாததால்தான் போகின்றன என்று கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் அவர். சூடான பாத்திரத்தைப் பிடித்தால் தெரியாது. தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்திருக்கிறார்கள்.

என் மாமா கரிகிரி ஆஸ்பத்திரியில் செருப்பு செய்கிற பட்டறையில் இருந்தார். எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்கிற மெத்து ரப்பரில் அடிப்பாகம், மேலே அகலமான வார். காலுக்கு நல்லது. ஆனால் பார்த்ததும் 'கரிகிரி செருப்பு' என்று தெரிந்துவிடும். லத்தேரிப் பக்கத்து நோயாளி ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரி வாசல்வரை அதைப் போட்டுக்கொண்டு வருவாராம். பஸ் ஸ்டாப்பில் கழற்றி மஞ்சப்பையில் சுருட்டிவிட்டு, தேய்ந்துபோன அவாய் செருப்பை மாட்டிக்கொள்வார். ஒருமுறை அதில் ஏறிய ஆணியோடு நாலு நாள் நடந்திருக்கிறார். நல்ல செருப்பு பையிலேயே இருந்தது.

மாமா அவரைத் திட்டவில்லை. கடையில் விற்கிற செருப்பு மாதிரியே தோல் வார் வைத்து, உள்ளே எம்சிஆர் கொடுத்துத் தைத்துத் தந்தார். அதன்பிறகு மாமாவும் எம்சிஆர் செருப்புக்கே மாறிவிட்டார், அகல வார் வைத்த பழைய மாதிரிக்கு. கல்யாண வீடுகளுக்கும் அதோடுதான் வருவார். அத்தை கடைசிவரை அதற்காகச் சண்டை போட்டார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போலீஸில் புகார் கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. கொடுக்கவில்லை என்றால், ரசீது, பாண்டு, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போய் எழுதிக் கொடுங்கள். ஊருக்குத்தான் தெரிந்துவிட்டதே, இனி யாருக்கு மறைக்க வேண்டும்? அந்தச் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.