மின்சாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கிரைண்டரை ஈரக்கையோடு தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. “எம்.சி.பி. இருக்கிறதே, ஆபத்தென்றால் அதுவே விழுந்துவிடும்; செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டுங்கள்” என்கிறார் எலக்ட்ரீஷியன். இது சரியா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சரியில்லை. அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி.; ஒயர் சூடேறி எரிந்துவிடாமல் காப்பதற்கே அது இருக்கிறது. ஈரக்கையோடு வெறுங்காலில் நிற்பவரின் உடல்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் உடல்வழியே பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. இதயத்துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும். ஆனால் 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கும் ஒருவர் ஷாக்கில் துடிப்பதற்கும் எம்.சி.பி.யால் வேறுபாடு காண முடியாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் ஒயரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான மூன்று கம்பி ஒயருக்குப் பதிலாக இரண்டு கம்பி ஒயரைப் போட்டிருப்பதும், சாக்கெட்டின் பெரிய துளைக்குப் பின்னால் எர்த்துக்கான பச்சை ஒயரே வராதிருப்பதும் பழைய வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுபவை. சிலர் அந்தத் துளையை, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் ஒயரோடு இணைத்துவிட்டு ‘எர்த் கொடுத்தாயிற்று’ என்பார்கள். வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் கிரைண்டரின் உலோகப் பகுதி முழுவதும் ஃபேஸாகிவிடும் (மின்சாரம் வரும் ஒயரைப் போலாகிவிடும்) என்பதால், எர்த்தே இல்லாதிருப்பதைவிட இது மோசமானது.

முறையான எர்த் இருந்தாலும், கோடையில் எர்த் குழி காய்ந்து அதன் தடை 20 ஓமுக்கு ஏறியிருந்தால் கசிவு 11.5 ஆம்பியரைத் தாண்டாது; 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. ஆகவே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்சில், 30 மில்லி ஆம்பியர் வகை ஒன்றைப் பொருத்துங்கள். ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்புவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் அது துண்டித்துவிடும். ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தவரை மட்டும் அதனாலும் காப்பாற்ற இயலாது. இவையெல்லாம் முடியும்வரை மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடாது. இன்வெர்ட்டர் வைத்த பிறகு தொடங்கிய தொல்லையென்றால், இன்வெர்ட்டர் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வரும் நியூட்ரலும் எங்கோ ஒரு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கலாம்; பிரித்தால் சரியாகிவிடும். இல்லையெனில் எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எம்.சி.பி.க்களை மட்டும் அணைத்துச் சோதிப்பது ஏமாற்றிவிடும், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் அவை நியூட்ரலைத் துண்டிப்பதில்லை; அதன் வழியான கசிவு தொடரும். பொதுவாக கீசர், அயர்ன்பாக்ஸ் போன்ற சூடேற்றும் சாதனங்களே அகப்படும். பழுதை நீக்கியபின் மாதம் ஒருமுறை ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். அப்போது விழாத ஆர்.சி.சி.பி.யை உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் கணினிகள் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே கெட்டிலையும் மாட்டுகிறார்கள். பாக்ஸ் சூடாகிறது. (வாசகர், கோவை)

பதில்: 1,500 வாட் கெட்டில் ஒன்றே 6.5 ஆம்பியர் இழுக்கும். பாக்ஸின் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கெட்டிலைச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே சூடாகி நிறம் மாறிய பாக்ஸை இனிக் கணினிக்கும் பயன்படுத்த வேண்டாம்.