லிப்எஸ்எஸ்எல் 1.1 காணவில்லை: சிம்லிங்க் போட்டுச் சமாளிக்கலாமா?

கேள்வி: உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாறினேன். அதன்பின் நான் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது. டெர்மினலில் இயக்கிப் பார்த்தால் 'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்' என்று தொடங்கி, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கோப்பைத் திறக்க முடியவில்லை என்று முடிகிறது. கணினியில் தேடினால் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 இருக்கிறது. அதற்கே 1.1 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். எஸ்ஓ என்பது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிக் கோப்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண் சும்மா ஒட்டிய எண் அல்ல. லைப்ரரியை எழுதுபவர்கள், பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றத்தைச் செய்யும்போதுதான் அந்த எண்ணை மாற்றுவார்கள். உங்கள் மென்பொருள் கம்பைல் ஆனபோதே 'எனக்கு 1.1 வேண்டும்' என்று அதன் உள்ளே பதிவாகிவிட்டது. 3-க்கு 1.1 என்று பெயர் சூட்டுவது ஆள்மாறாட்டம். நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடர் அந்தக் கோப்பைத் திறக்கும். உள்ளே ஓப்பன்எஸ்எஸ்எல் (லிப்எஸ்எஸ்எல் அடங்கிய குறியாக்கத் தொகுப்பு) 1.1.0-க்கான வெர்ஷன் குறி இல்லை என்று கண்டதும் வேறொரு பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லதுதான். வெர்ஷன் குறியே இல்லாத லைப்ரரிகளும் உண்டு. அவற்றில் இந்தத் தந்திரம் பலித்ததுபோல் தோன்றும், மென்பொருள் திறக்கும், பிறகு வேலையின் நடுவில் கிராஷ் ஆகும், அல்லது சத்தமில்லாமல் தவறான விடை தரும்.

ஆகவே முதலில் நோயைச் சரியாகக் கண்டறிவோம். பிழைச் செய்தி காணாமல்போன முதல் கோப்பை மட்டுமே சொல்லும். முழுப் பட்டியல் வேண்டுமானால் எல்டிடி கட்டளைக்கு அந்த நிரலின் பாதையைக் கொடுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்று வரும் வரிகளெல்லாம் உங்களுக்கானவை, ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் மற்றொரு லைப்ரரியான லிப்கிரிப்டோ 1.1-உம் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து இறக்கிய நிரலின்மேல் எல்டிடி-யை ஏவாதீர்கள். சில சூழல்களில் அது நிரலையே இயக்கிவிடக்கூடும். அதற்கு ரீட்எல்ஃப் மைனஸ் டி போதும். 'நீடெட்' என்ற வரிகளைப் பாருங்கள். அது நேரடித் தேவைகளை மட்டும்தான் காட்டும்.

அடுத்து, அந்தக் கோப்பு வட்டில் எங்காவது இருக்கிறதா? லோடர் வட்டு முழுவதும் தேடாது. எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் உள்ள இடங்கள், நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட ரன்பாத் என்ற தேடல் பாதை, எல்டிகான்ஃபிக் கட்டளை தயாரித்து வைத்த கேஷ் (லைப்ரரிகளின் பட்டியல்), கடைசியாக வழக்கமான லிப் அடைவுகள்: இந்த வரிசையில் பார்க்கும், அவ்வளவுதான். எனவே கோப்பு இருந்தும் 'இல்லை' என்ற செய்தி வரலாம். மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் நிறுவியவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதை. சூடோ எல்டிகான்ஃபிக் என்று ஒருமுறை அடித்தால் டெபியன், உபுண்டுவில் தீர்ந்துவிடும். ஃபெடோரா வகையில் அந்த அடைவு தேடல் பட்டியலிலேயே இல்லை, /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவுக்குள் ஒரு சிறு கோப்பில் பாதையை எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும்.

கோப்பு இருக்கிறது, பாதையும் சரி, ஆனாலும் ஏற்க மறுக்கிறதா? 32 பிட்டா 64 பிட்டா என்று ஃபைல் கட்டளையால் பாருங்கள். 32 பிட் நிரலுக்கு 32 பிட் லைப்ரரிதான் வேண்டும். கண்முன்னே இருக்கும் நிரலையே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று ஷெல் சொன்னால் அதுவும் பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான்: காணாமல்போனது நிரல் அல்ல, அதை ஏற்றவேண்டிய 32 பிட் லோடர்.

வட்டிலேயே இல்லையென்றால் எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று தேட வேண்டும். பேக்கேஜ் பெயரை ஊகிக்காமல் கோப்பின் பெயரை வைத்தே தேடுங்கள். உபுண்டுவில் ஏபிடி-ஃபைல் சர்ச், ஃபெடோராவில் டிஎன்எஃப் புரொவைட்ஸ், ஆர்ச்சில் பேக்மேன் மைனஸ் பெரிய எஃப். 'டெவ்' என்று முடியும் பேக்கேஜ்கள் கம்பைல் செய்பவர்களுக்கானவை. உங்களுக்கு அவை தேவையில்லை.

உங்கள் விஷயத்தில் இந்தத் தேடலும் வெறுங்கையோடுதான் திரும்பும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளியானது 2021 செப்டம்பரில், உபுண்டு 22.04 அதற்கே மாறிவிட்டது, 1.1-ஐக் களஞ்சியத்தில் வைக்கவில்லை. 1.1.1 வரிசைக்கான பொது ஆதரவும் 2023 செப்டம்பரில் முடிந்தது. ஆகவே மென்பொருளைத் தந்தவர்களிடம் புதிய பதிப்பு கேட்பதுதான் சரியான வழி. கிடைக்காவிட்டால் டாக்கர் போன்ற ஒன்றில் உபுண்டு 20.04 கண்டெய்னரை (தனித்து இயங்கும் ஒரு சூழலை) வைத்து அதற்குள் இயக்குங்கள். கொஞ்சம் வேலை வாங்கும், ஆனால் கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாது.

இரண்டும் இயலாது, மென்பொருளுக்கு இணையத்தோடு பேசும் வேலையும் இல்லை என்றால் மட்டும் மூன்றாவது வழி. உபுண்டுவின் அதிகாரபூர்வ களஞ்சியத்திலிருந்தே 20.04-க்கான லிப்எஸ்எஸ்எல்1.1 டெப் கோப்பை எடுங்கள். அதை நிறுவாமல், டிபிகேஜி-டெப் மைனஸ் எக்ஸ் கொண்டு மென்பொருளின் சொந்த அடைவுக்குள் பிரித்து வையுங்கள். லிப்கிரிப்டோ 1.1-உம் அதே டெப்பில்தான் வருகிறது. பிறகு ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டில் எல்டி_லைப்ரரி_பாத் மாறியை அந்த இடத்துக்குத் திருப்பி, அதிலிருந்தே மென்பொருளைத் தொடங்குங்கள். அந்த வரியை பேஷ்ஆர்சி-யில் (டெர்மினல் திறக்கும்போது தானாகப் படிக்கப்படும் கோப்பில்) போட்டால் தொடர்பில்லாத நிரல்களும் பழைய லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். சூடோ வழியாக இயக்கினால் அந்த மாறி பொதுவாக உள்ளே போய்ச் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பிழையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' என்பது போல வந்தால் நிலைமை தலைகீழ்: மென்பொருள் புதிது, உங்கள் அமைப்பு பழையது. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35. ஜிலிப்சி-யை மட்டும் தனியாக மாற்ற முயலாதீர்கள். எல்எஸ், பேஷ் உட்பட ஏறக்குறைய எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. பாதியில் தவறினால் திருத்துவதற்கு ஒரு கட்டளைகூட ஓடாது.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லையென்றால், எல்டி_டிபக் மாறிக்கு லிப்ஸ் என்று மதிப்பு கொடுத்து மென்பொருளை இயக்குங்கள். லோடர் எந்தக் கோப்பை எந்த அடைவில், எந்த வரிசையில் தேடியது என்று வரி வரியாகக் கொட்டும். தயாரித்தவரின் கணினியில் மட்டுமே இருக்கும் ஓர் அடைவு ரன்பாத்தில் பதிவாகி வந்திருந்தால், அதுவும் அங்கே தெரிந்துவிடும்.