விறகு விலையில் தண்ணீர் வாங்காதீர்கள்

கேள்வி: வெந்நீர் அடுப்புக்காகப் புரட்டாசியில் கால் டன் சவுக்கு விறகு வாங்கினோம். நன்றாகக் காய்ந்தது என்றுதான் கடையில் சொன்னார்கள். எரித்தால் கொல்லை முழுக்கப் புகை, கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளுகிறது. கேட்டால், ‘மழை நாளில் அப்படித்தான்’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை அம்மா. மழையில் நனைந்த காய்ந்த விறகு, கொஞ்ச நாள் காற்றுப் பட்டால் சரியாகிவிடும். நுரை தள்ளுகிறது என்றால் ஈரம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு வந்தது பச்சை விறகு. சவுக்கு பச்சையிலும் ஓரளவு எரியும் என்பதால் இப்படித் தள்ளிவிடுகிறார்கள்.

இதில் நட்டம் புகை மட்டுமல்ல. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் நீங்கள் வாங்கிய 250 கிலோ, காய்ந்த பிறகு 156 கிலோதான் நிற்கும். மீதிக்கும் விறகு விலைதானே கொடுத்தீர்கள்!

அடுத்த முறை வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நாலு நாள் வெயிலில் கிடந்தாலே மேல்பட்டை காய்ந்துவிடும். வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை நகத்தால் நெம்பினால் கழன்று வருகிறதா பாருங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பச்சை என்றால் மொத்தென்று கேட்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி, பிளந்த இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் வேண்டாம். ‘காய்ந்த விறகு’ என்று எழுதி ரசீது வாங்குங்கள். அது கையில் இருந்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது உங்கள் பேச்சு எடுபடும்.

என்னைக் கேட்டால், மாசி பங்குனியிலேயே பச்சையை விலை குறைத்துப் பேசி வாங்கி, வீட்டிலேயே காயப்போடுவதுதான் லாபம். முழுக் கட்டையாக விடாமல் மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, செங்கல் மேல் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். தார்ப்பாய் தலைக்கு மட்டும் போதும், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் உண்டு. சுற்றிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

இப்போது இருப்பதைப் பிளந்து தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டு, காய்ந்த தென்னை மட்டையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எரியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே வேண்டாம்.

கேள்வி: உடைத்த பழைய படகுப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. அடுப்புக்கு வாங்கலாமா?
– வாசகர், வீராம்பட்டினம், புதுச்சேரி

பதில்: வேண்டாம். நன்றாகக் காய்ந்திருந்தாலும் அதில் பெயின்ட், தார், கடல் உப்பு எல்லாம் ஏறியிருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தப் புகையும் சாம்பலும் குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல்.