பணம், பேராசை, நம்பிக்கை – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எழுபதைத் தாண்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு யோசிக்க நேரம் நிறையக் கிடைப்பதால் பணத்தைப் பற்றி விசித்திரமான எண்ணங்கள் வருகின்றன. அதில் ஒன்று: உலகத்தில் எல்லாமே கெட்டுப்போகிறது, பழம் அழுகுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, பணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் மனிதன் அதைப் பூட்டி வைக்கிறான். பணமும் மாதாமாதம் கொஞ்சம் கெட்டுப்போகும்படி செய்துவிட்டால் பதுக்கலும் பேராசையும் ஒழியாதா? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. என்னோடு தினமும் நடக்க வரும் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றபோது வந்த மொத்தத் தொகையையும் மாத வருமானம் தருவதாகச் சொன்ன ஒரு திட்டத்தில் போட்டு இழந்துவிட்டார். பேராசைப்பட்டார், பட்டார் என்கிறார்கள் எல்லாரும். நானும் தலையாட்டினேன். இப்போது அவர் நடக்க வருவதில்லை. மறுபக்கம், போதுமான பணம் இருந்தும் செலவழிக்கக் கை வராத என்னைப் போன்றவர்கள். மனித இயல்பே இப்படித்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்கள் எண்ணம் ஏற்கெனவே ஒருவர் யோசித்து, ஒரு ஊரே செய்து பார்த்த விஷயம். சில்வியோ கெசல் என்ற ஜெர்மன்காரர், அர்ஜென்டினாவில் வணிகம் செய்தவர், கிட்டத்தட்ட நீங்கள் சொல்வதையேதான் சொன்னார். சரக்கு வைத்திருப்பவன் அது கெடுவதற்குள் விற்றாக வேண்டும், பணம் வைத்திருப்பவனுக்கு எந்த அவசரமும் இல்லை, அதனால் பேரத்தில் எப்போதும் பணம் வைத்திருப்பவன் கையே ஓங்கியிருக்கிறது, ஆகவே பணத்துக்கும் வயதாக வேண்டும் என்பது அவர் வாதம். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936-ல் வந்த தன் முக்கியமான நூலில் கெசலுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கி, இவரை உலகம் சரியாகக் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

கெசல் 1930-ல் இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, ஆஸ்திரியாவின் தைரோல் பகுதியில் உள்ள வோர்கல் என்ற சின்ன ஊரின் மேயர் அதைச் செய்தே காட்டினார். உலகம் முழுக்கத் தொழில் முடங்கிய பெருமந்தக் காலம். ஊரில் வேலை இல்லை, நகராட்சிக்கு வரி வரவில்லை. 1932 ஜூலையில் நகராட்சியே சொந்தமாக நோட்டு வெளியிட்டது. மாதம் ஒருமுறை நோட்டின் மதிப்பில் 1 சதவீதத்துக்குத் தபால்தலை மாதிரி ஒரு வில்லை வாங்கி அதன்மேல் ஒட்டினால்தான் நோட்டு செல்லும். ஒட்டும் நாளில் நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தச் செலவு. அதனால் யாரும் வைத்துக்கொள்ளவில்லை, வாங்கிய கையோடு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள், பழைய வரி பாக்கியைக்கூடத் தேடிப்போய்க் கட்டினார்கள். சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். நோட்டு அடிக்கும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று ஆஸ்திரியாவின் மத்திய வங்கி 1933-ல் நிறுத்தும்வரை அது நடந்தது.

ஆனாலும் நான் உங்கள் யோசனைக்கு எதிரிதான். வோர்கலில் பணத்தைக் கெட்டுப்போக வைத்தது முடங்கிக் கிடந்த ஒரு ஊரை எழுப்புவதற்கு. நீங்கள் அதைப் பேராசைக்கு மருந்தாகக் கேட்கிறீர்கள். உழைக்க முடிந்த காலத்தின் உழைப்பை உழைக்க முடியாத காலத்துக்குக் கொண்டுபோக சாதாரண மனிதனுக்குப் பணத்தை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது? வசதியானவன் கெடுகிற நோட்டை நிலமாகவும் தங்கமாகவும் மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வான். அகப்படுவது கையில் கொஞ்சம் மட்டும் வைத்திருக்கும் வயதானவர்கள்.

அப்புறம், பணம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், 72-ஐ ஏறும் சதவீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் தோராயமாகத் தெரியும், 6-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 12 வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகிவிடும், உங்கள் பணம் பாதியாகிவிடும். நோட்டில் எண் மாறாததால் மனிதனுக்கு அது உறைப்பதில்லை. இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1928-ல் இதைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். சம்பளம் வாங்குகிற காலத்தில் இது பெரிதாகத் தெரியாது, சம்பளமும் கூடவே ஏறும். ஓய்வு பெற்றபின்தான் வருடாவருடம் அதே வட்டி வந்தும் மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோவது தெரிய ஆரம்பிக்கும்.

உங்கள் நண்பரின் கதையும் இங்கேதான் ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் பேராசை என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பேராசைக்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. 1920-ல் பாஸ்டனில் சார்ல்ஸ் பான்சி 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார், தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சர்வதேசத் தபால் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதாகக் கதை விட்டார், போலீஸ்காரர்கள்கூடக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உண்மையில் பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்ததுதான் நடந்தது. இதில் ஆசை இருக்கிறது, சரி. ஆனால் பிறர் பணத்தை முதலீடு செய்து தருவதாகச் சொல்லி ஏமாற்றிய அமெரிக்கர் பெர்னார்ட் மேடாஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 டிசம்பரில் அவர் பிடிபட்டபோது வாடிக்கையாளர்களின் கணக்குத் தாள்களில் இருந்த பொய்த்தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர். அவர் யாருக்கும் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லவில்லை. வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம், ஏற்ற இறக்கமில்லாமல், தவறாமல். அதில் போட்டவர்களில் தர்ம அறக்கட்டளைகளும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பேராசைக்காரன் தேடிப்போகும் இடமே இல்லை அது. பயந்தவனும் எச்சரிக்கையானவனும் போகும் இடம். 150 வருடம் சிறைத்தண்டனை கொடுத்தார்கள், இழந்தவர்களை அது எந்த அளவுக்கு ஆற்றும்?

இப்படிப்பட்ட ஏமாற்று எப்படி நடக்கும் என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் உங்களுக்கே புரியும். முதலில் தெரிந்தவர் ஒருவர் சொல்வார், முன்பின் தெரியாதவன் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டவர் சந்தேகப்பட்டு ஒரு சின்னத் தொகையை மட்டும் போடுவார். சொன்ன தேதியில் வட்டி வரும். போனில் வந்த குறுஞ்செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பார். அதோடு நிற்க மாட்டார், அசலைத் திருப்பிக் கேட்டுப் பார்ப்பார், பொறுப்பான மனிதன் அப்படித்தான் செய்வான். மறுநாளே முழுசாகத் திருப்பித் தருவார்கள். அந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது, இனி என்ன சந்தேகம்? அடுத்த வாரம் மொத்தமும் போகும். ஏமாற்றுகிறவன் இவரிடம் பயன்படுத்திக்கொண்டது ஆசையை அல்ல, இவருடைய ஜாக்கிரதையை. இதைச் செய்தவனை விட்டுவிட்டு இழந்தவரைப் பேராசைக்காரர் என்று சொல்வது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. நமக்கு அப்படி நடக்காது என்று நம்பிக்கொள்ளத்தான் அந்தத் தீர்ப்பு வசதியாக இருக்கிறது. நியூட்டன்கூட 1720-ல் தென்கடல் நிறுவனம் என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் பங்குகளை விற்று லாபத்தோடு வெளியே வந்தவர், விலை மேலும் ஏறுவதைப் பார்த்துத் திரும்ப உள்ளே போய்ப் பெருந்தொகை இழந்தார். அப்போது அவர் இங்கிலாந்தின் அரசு நாணயச் சாலைக்குத் தலைவர்.

உங்களுக்குக் கை வராதது பற்றி. உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய கட்டுரை மனிதனின் இந்தப் பக்கத்தைத் தெளிவாக்கியது. ஒரே தொகைதான் என்றாலும் அது கிடைக்கும் சந்தோஷத்தைவிட இழக்கும் வலி பெரிது, பின்னால் அவர்கள் செய்த கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு. சம்பாதிக்கிற வயதில் செலவு போனாலும் அடுத்த மாதம் நிரம்பும். நிரம்பாது என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு செலவும் இழப்பாகவே படும். எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், வசதியானவர், செருப்புக் கடையில் ஒரு ஜோடியைக் காலில் போட்டு நாலடி நடந்து பார்த்து, அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் பக்கம் தேய்ந்துபோன பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் கஞ்சன் இல்லை, ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு எண்ணாமல் கொடுத்தவர். எத்தனை வயதுவரை இருப்போம் என்று யாருக்கும் தெரியாதபோது எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கு முடியவே முடியாது. ஒரு வழி சொல்கிறேன், எனக்கு உதவியது. கடைசிவரை தேவைப்படும் என்று நினைப்பதைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு அதைத் தொடாதீர்கள், மீதியை வருடத் தொடக்கத்திலேயே இது செலவுக்கு என்று பிரித்து வையுங்கள். அப்போதே கைவிட்ட பணமாகிவிடுவதால் எடுக்கும்போது அவ்வளவு வலிக்காது.

உங்கள் நண்பரை நாளைக்கே போய்ப் பாருங்கள், இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். எவ்வளவு போயிற்று என்று கேட்காதீர்கள், ஏன் போட்டீர்கள் என்றும் கேட்காதீர்கள். கானமனும் ட்வெர்ஸ்கியும் காட்டிய இன்னொரு விஷயம், இழப்பில் நிற்கும் மனிதன் விட்டதைப் பிடிக்கக் கூடுதல் ஆபத்துக்கும் துணிவான் என்பது. ஏமாற்றுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இழந்தவர்களின் பெயரும் எண்ணும் கைமாறுகின்றன, சில வாரம் கழித்து வக்கீல் என்றோ அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டு ஒருவன் போன் செய்வான், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, கட்டணம் மட்டும் முன்கூட்டியே செலுத்துங்கள் என்பான். வெட்கத்தில் யாரிடமும் பேசாமல் தனியாக உட்கார்ந்திருப்பவர் மிச்சமிருப்பதையும் அதில் கொடுத்துவிடுவார். அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுக்கவில்லை என்றால் கூடவே போய்க் கொடுங்கள், தாள்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட போன் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.