4294967297 பகா எண்தானா?

கேள்வி: என் மகள் கணிதப் போட்டிக்குத் தயாராகிறாள். பயிற்சித்தாளில் 4294967297 பகா எண்ணா என்று கேட்டிருக்கிறார்கள். 3, 7, 11, 13 எதிலும் வகுபடவில்லை. பகா எண் என்று எழுதிவிடலாமா? இவ்வளவு பெரிய எண்ணில் எதுவரை வகுத்துப் பார்ப்பது?

பதில்: எழுதிவிடாதீர்கள், இது பகு எண். ஆனால் நீங்கள் பார்த்தவரை சரிதான். இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, அதனால் 3 போகாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடித்துவிடலாம். வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 297 − 967 + 294 − 4 = −380. 380-ஐ இந்த மூன்றில் எதுவும் வகுக்காது, ஆகவே மூல எண்ணையும் வகுக்காது. 7 × 11 × 13 = 1001 என்பதால் கிடைக்கும் வசதி இது.

எதுவரை என்றால், வர்க்கமூலம் வரை. இங்கே அது 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. உட்கார்ந்து வகுத்தால் கோடை விடுமுறை போய்விடும். அதனால் வகுக்கும் முன் எண் எப்படி உருவானது என்று பாருங்கள். இது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டியது. கேள்வி கேட்டவர் சும்மா எடுத்த எண் இல்லை.

2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று பகா எண்களாகவே வரும். இந்த வரிசை முழுதும் பகா எண்களே என்று 1640-இல் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அடுத்த எண்ணே காலை வாரியது: அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்குடன் 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் நிறுவிய விதி. அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை!

வகுக்காமலும் சரிபார்க்கலாம். 641 = 5 × 128 + 1; 641 = 625 + 16. முதலாவதன்படி, 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷ தரும் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். அப்போது −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. ஈவு 6700417, அது பகா எண்.

மகளுக்குப் பைத்தான் நிரல்மொழி தெரியுமென்றால் ஒரு எச்சரிக்கை. 2-ஐ அடியாக வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் (அடியை, எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது; பகா எண் என்றால் வரும்) இந்த எண் தேறிவிடும். அடியை 3 ஆக மாற்றச் சொல்லுங்கள், மாட்டிக்கொள்ளும்.