போர்ப் பகுதியில் இயங்கும் சிறு குழுக்களுக்கு நிதி கொடுப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய அறக்கட்டளை. போர் நடக்கும் பகுதியில் சமையற்கூடம் நடத்துவோர், மருந்து கொண்டு சேர்ப்போர், மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்வோர் என உள்ளூர்க் குழுக்களுக்கு நிதி கொடுக்க விரும்புகிறோம். பல குழுக்கள் பதிவு செய்யப்படாதவை. எங்கள் தணிக்கையாளர் பதிவுச் சான்றிதழ், மூன்றாண்டுக் கணக்கறிக்கை, செலவு ரசீதுகள், பயனாளிகள் பட்டியல் நான்கையும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதல் மூன்றுக்கும் மாற்று வழி உண்டு. பயனாளிகள் பட்டியலை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள்.

பெயர், அடையாள அட்டை எண், கைபேசி எண், தங்கியிருக்கும் இடம், கைரேகை எல்லாம் உள்ள ஒரு தாள் சோதனைச் சாவடியில் சிக்கினால், அதில் இருக்கும் அத்தனை பேரும் எதிர்த்தரப்பின் ஆட்கள் என்று முத்திரை குத்தப்படலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழித்தாலும் காப்புப் பிரதியில் அது தங்கிவிடலாம். பட்டியல் குழுவிடமே, பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணோடு இருக்கட்டும். உங்களுக்கு வர வேண்டியது எத்தனை குடும்பங்கள், எத்தனை பெண்கள், குழந்தைகள், எந்த வட்டாரம் என்ற மொத்தக் கணக்கு மட்டுமே. சரிபார்க்க வேண்டுமா? இரு தரப்பும் நம்பும் ஒருவர் பத்துக்கு ஒரு எண்ணைத் தேர்ந்து, உதவி கிடைத்ததா என்று நேரில் கேட்டுவிட்டு, முடிவை மட்டும் உங்களுக்குச் சொல்லலாம்.

பதிவுச் சான்றிதழ் நம்பகத்தன்மைக்கு அளவுகோல் ஆகாது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தபின் அக்கம்பக்கத்து மக்களே கூடி நடத்திய அவசர உதவி அறைகள் பலவற்றுக்குச் சான்றிதழ் ஏதும் இல்லை. மியான்மரில் 2022 அக்டோபரில் வந்த சட்டப்படி பதிவு செய்யாமல் இயங்குவதே குற்றம். பதிவு செய்யப் போனாலோ உறுப்பினர்களின் விவரங்களை ராணுவ நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். எனவே சான்றிதழுக்கும் மூன்றாண்டுக் கணக்கறிக்கைக்கும் பதிலாக, ஒருவரையொருவர் சாராத மூன்று பேரிடம் குழுவைப் பற்றி விசாரியுங்கள். கடந்த ஆறு மாதத்தில் என்ன செய்தார்கள், முடிவெடுப்பது யார், பணத்தைத் தொட இருவர் ஒப்புதல் தேவையா என்று கேளுங்கள். பணத்தைக் கையாள்வோரின் பெயர்களை ஐ.நா. தடைப் பட்டியலோடும் உங்கள் நாட்டுப் பட்டியலோடும் ஒப்பிடுங்கள். பயனாளிகளின் பெயர்களை ஒப்பிட வேண்டியதில்லை. இவற்றைத் தேதியோடு இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி வைத்தால் தணிக்கையாளருக்குக் காட்ட ஆவணம் தயார். உங்கள் நாட்டுச் சட்டம் பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் கொடுக்கலாம் என்றால், பதிவு பெற்ற இடைநிலை அமைப்பு ஒன்றின் வழியே கொடுங்கள். அவர்கள் எவ்வளவு பிடித்தம் செய்வார்கள், சொந்த நிபந்தனைகள் எதையும் சேர்ப்பார்களா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2022 டிசம்பரில் நிறைவேறிய ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 2664, மனிதாபிமான உதவிக்குச் சொத்து முடக்கத் தடைகளிலிருந்து விலக்கு தருகிறது. இது ஐ.நா. விதித்த தடைகளுக்கு மட்டுமே; தனி நாடுகள் விதிக்கும் தடைகளுக்குத் தானாகப் பொருந்தாது. எல்லா அமைப்புகளுக்கும் கிடைப்பதும் இல்லை: ஐ.நா. ஒருங்கிணைக்கும் உதவித் திட்டங்களில் பங்கேற்பது போன்ற தகுதிகள் உண்டு. உணவும் மருந்தும் இதில் அடங்கும். உரிமை மீறல்களைப் பதிவு செய்யும் பணியை இதற்குள் அடக்குவது கடினம். அந்தப் பணிக்குத் தனி ஒப்பந்தம் போட்டு, வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

முதல் தவணை, குழு இப்போது ஒரு மாதத்தில் செலவழிக்கும் தொகையை ஒட்டி இருக்கட்டும். ஒரேயடியாக ஐந்து மடங்கு வந்தால் உள்ளே சண்டை மூளும். பணம் வந்த சேதி ஆயுதம் தாங்கியவர்களின் காதுக்கும் எட்டும். வரவுசெலவுத் தலைப்புகளுக்கிடையே 25% வரை கேட்காமலே மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். அதற்கு மேல் என்றால் ஒரு குறுஞ்செய்தி, இரண்டு நாளில் உங்கள் பதில். விண்ணப்பத்துக்கும் மாதக்கணக்கில் காக்க வைக்கத் தேவையில்லை. தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஸ்டார்ட் நெட்வொர்க் 72 மணி நேரத்தில் நிதி ஒதுக்கும் முறையை நடத்துகிறது.

அரிசிக்குக் கொடுப்போம், சமைப்பவருக்குக் கொடுக்க மாட்டோம் என்ற பிடிவாதம்தான் நல்ல குழுக்களைச் சாகடிக்கிறது. ஊக்கத்தொகை, வாடகை, எரிபொருள், இணையம் எல்லாவற்றையும் வரவுசெலவில் சேருங்கள். நிர்வாகச் செலவுக்கு 15% நியாயமானது. அமெரிக்க அரசின் மானிய விதிகளே 2024 அக்டோபரில் இதற்கான அடிப்படை விகிதத்தை 10-லிருந்து 15% ஆக்கின. இடம்பெயர்வு, வழக்கறிஞர், சிகிச்சை ஆகியவற்றுக்கு ஒரு பாதுகாப்புத் தலைப்பும் அவசியம்.

பணம் அனுப்பும்போது முதலில் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். அரசு நிர்ணயித்த மாற்று விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் வங்கி வழியில் மானியத்தின் ஒரு பகுதி கரைந்துவிடும். மியான்மரில் 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று விகிதத்தை நிர்ணயித்தார்கள். சந்தையில் விலை அதைவிட வெகு அதிகம். கையில் கிடைத்த உள்ளூர்த் தொகையை வைத்தே கணக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஹவாலா உங்கள் நாட்டில் சட்டப்படி செல்லுமா என்று கேட்டுவிட்டு, உரிமம் பெற்ற முகவரிடம் மட்டும் போங்கள். கொடுத்த தொகை, விகிதம், தரகு, கிடைத்த தொகை நான்கையும் பதிந்து, பெற்றதை இருவர் தனித்தனியே உறுதி செய்ய வேண்டும்.

குண்டு விழும் சந்தையில் கடைக்காரர் ரசீது எழுத மாட்டார். நீங்கள் வற்புறுத்தினால், நேர்மையான குழுவையும் போலி ரசீதுக்குத் தள்ளுகிறீர்கள். மாற்று இது: கொள்முதல் செய்தது என்ன, எத்தனை மூட்டை, அன்றைய விலை என்ன என்று ஒரு சீட்டில் எழுதி மூவர் குறியீட்டோடு ஒப்பமிடட்டும். முகமும் இடமும் தெரியாதபடி சரக்கை மட்டும் ஒரு படம். அதே வாரம் அதே சந்தையில் வாங்கிய வேறொரு குழுவின் விலையோடு ஒப்பிட்டால், விலையை ஏற்றிக் காட்டியிருந்தால் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை அரை மணி நேரப் பேச்சும் ஒரு பக்கக் குறிப்பும் அறிக்கைக்குப் போதும்.

சாவடியில் மூட்டைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள், அல்லது பணம் கேட்பார்கள். அப்படி நடந்தால் குழு ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும், சொன்னதற்காகவே நிதியை நிறுத்த மாட்டோம் என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இரண்டாவது இல்லையென்றால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

நிதியை நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி திடீரென நின்றபோது சூடானில் ஏராளமான சமூகச் சமையற்கூடங்கள் மூடப்பட்டன. இத்தகைய கூடங்கள் வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கெடுத்தும் ஓடுபவை. பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அதை அடைக்கும் தொகையையும் கடைசித் தவணையில் சேர்த்து அனுப்புங்கள்.